வெளிப் பயிற்சி வகுப்புகளும் நம் சத்சங்கமும்: கேள்வி பதில்

ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானின் இல்லறத்தாரிடமிருந்து வந்த கேள்விகளும் மூத்த பக்தர் ஒருவரின் பதில்களும்.

சேலம்: ஆளுமைப் பயிற்சிக்குப் போய்வந்த பிரபு (ஆண் பக்தர்) ஒருவர், பக்தர்கள் எல்லோரும் அதில் சேர வேண்டும் என்கிறார். சங்கம் ஏற்கலாமா?

தனி ஒருவர் போவது வேறு, சங்கம் ஏற்பது வேறு, மாதாஜி. நிதானமாகப் பேசவோ நேரத்தை ஒழுங்குபடுத்தவோ கற்றுக்கொள்ள யாரும் எங்கும் போகலாம். ஆனால் 1971-ல் சான்பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய ‘எஸ்ட்’ என்ற ஆளுமைப் பயிற்சியின் வழியில் வந்த வகுப்புகள் பலவற்றில், பயிற்சி முடித்தவரே அடுத்த ஆளை அழைத்து வருகிறார். நம்மிடமோ மூத்தவர் சொன்னால் மறுக்காத பழக்கம் உண்டு. குருவுக்காகக் கற்ற அந்தப் பணிவு கட்டண வகுப்புக்கு ஆள் சேர்க்கப் பயன்படுவதை என்னால் பொறுக்க முடியாது. உள்ளே நடப்பதை வெளியே சொல்லாதே என்று உறுதி வாங்கும் வகுப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

திருச்சி: பேச்சு, மனம், கோபம், நாக்கு, வயிறு, காமம் ஆகியவற்றின் உந்துதலைத் தாங்கச் சொல்லி நம் ஆசாரியர் ரூப கோஸ்வாமியே எழுதிவிட்டார். வெளியே ஏன் போக வேண்டும்?

பதினாறு மாலை (ஜபமாலையைப் பதினாறு சுற்று உருட்டிக் கிருஷ்ண நாமம்) ஜபித்துவிட்டு மனைவியிடம் வாரக்கணக்கில் பேசாதிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு குடும்ப ஆலோசகரிடம் போனால் சாஸ்திரத்துக்குக் குறைவில்லை.

சென்னை: திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போக ஆசை. ஜபத்தை நிறுத்தச் சொல்கிறார்களே?

கோயங்கா 1969-ல் பர்மாவிலிருந்து வந்து இந்தியாவில் தொடங்கிய வகுப்பு அது. கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. வழிபாடு, மந்திரம், மாலை உருட்டுதல் எல்லாவற்றையும் அந்த நாட்களில் நிறுத்திவைக்க வேண்டும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். இந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் தீட்சையில் தினமும் பதினாறு மாலை என்று வாக்குக் கொடுத்தவர் அந்த விதியை ஏற்க முடியாது. தீட்சை பெறாதவர் போகலாம். போனால் விதிப்படி இருங்கள். போர்வைக்குள் மாலை உருட்டுவது இரு தரப்பையும் ஏமாற்றுவது.

சென்னை, மீண்டும்: பத்தே நாள்தானே, பிரபு! மனம் ஒருமுகப்பட்டால் ஜபமும் நன்றாக வருமே.

ஜபத்தை மனப்பயிற்சியாக நினைப்பதால் இப்படிக் கேட்கிறீர்கள். நாம் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். அங்கே மூச்சையும் உடல் உணர்ச்சிகளையும் கவனிக்கிறார்கள். அழைக்கப்படுகிறவர் என்று யாரும் இல்லை. ஜபத்துக்கு அது முன்தயாரிப்பு ஆகாது.

மதுரை: அறுவை சிகிச்சைக்குப் படுத்தவரின் ஜபம் நின்றால் அதுவும் வாக்குத் தவறியதா?

இல்லை. அவர் முடியாமல் விட்டார். விபாசனாவுக்குப் போக நினைப்பவர் முடிந்தும் விடப் பார்க்கிறார். அந்தப் பத்து நாளில் விட்ட 160 மாலையைப் பிறகு ஈடு செய்வதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். நோயில் விட்டதை ஈடு செய்வது வழக்கம்தான். விடுவதென்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு ஈட்டைப் பற்றிப் பேசுவது வேறு. உங்கள் குருவிடம் கேளுங்கள். அவர் அனுமதித்தால் என் கருத்து பொருட்டல்ல.

ஈரோடு: தம்பி தூங்குவதில்லை, செத்துவிடலாம் என்கிறான். எந்தப் பயிற்சி நல்லது?

எந்தப் பயிற்சியும் வேண்டாம். அவரைத் தனியாக விடாதீர்கள்; இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். ஜபம் செய்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், மருந்தோடு ஜபமும் செய்யட்டும் என்று சொல்லுங்கள்.

நெல்லை: எங்கள் ஊரில் இரண்டு நாள் வகுப்பு ஒன்று நடக்கிறது. போகலாமா?

சேலம் மாதாஜிக்குச் சொன்னதேதான்.

வேலூர்: நான் போன வகுப்பில் ரகசிய உறுதிமொழி வாங்கினார்கள். அதில் என்ன தவறு?

முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் கீத் ரனியர் 1998-ல் தொடங்கியதும் வெற்றிப் பயிற்சி வகுப்புதான். அதற்குள் ரகசியக் குழு வளர்ந்தது. பெண்கள் அடிமைகளாக நடத்தப்பட்டார்கள். 2020-ல் அவருக்கு 120 ஆண்டுச் சிறை.

கோவை: பயிற்சி நடத்துபவர்கள் கோயில் மண்டபத்தை வாடகைக்குக் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். கோயிலில் நடப்பதைக் கோயிலே நடத்துகிறது என்றுதான் புதிதாக வருபவர் நம்புவார். ஊரில் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன, பிரபு.