ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டுமா? அது இன்ஜின் தேய்மானத்தை உண்மையிலேயே குறைக்கிறதா?

மாற்றுங்கள். தேய்மானத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் துகள் அரைத்து வரும் தேய்மானத்தை மட்டும்.

கிராங்க் ஷாஃப்டும் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது நடுவிலுள்ள ஆயில் படலத்தால்தான். லோடு ஏறும்போது அது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெலிந்துவிடும். அதைவிடப் பொடித் துகள் உரசாமல் போய்விடும். பெரிய துகள் இடுக்கில் நுழையவே முடியாது. படலத்தின் கனத்தை ஒட்டிய துகள்தான் வில்லன்: உள்ளே புகுந்து இரண்டு பக்கமும் கீறும். பெயர்ந்து வரும் உலோகத்தூள் அடுத்த கீறலைப் போடும்.

சாதாரண காகித ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் துகள்களை நன்றாகப் பிடிக்கும். 10 மைக்ரானுக்குக் கீழே ஒரு சுற்றில் கொஞ்சம்தான் சிக்கும். ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் அந்தப் பொடித் துகளும் ஆயிலில் படிப்படியாகக் குறையும். பெட்டியில் '20 மைக்ரான்' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்த அளவில் 50 சதவீதம் பிடிக்குமா, 99 சதவீதமா என்பதுதான் கேள்வி.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாதென்று பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அப்போது அழுக்கு ஆயில் வடிகட்டாமலே பேரிங்குக்குப் போகும். டேஷ்போர்டில் ஆயில் லைட்டும் எரியாது, அதுதான் ஆபத்து. ஆயில் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த ஸ்டார்ட்டிலும் இந்த வால்வு திறக்கலாம்; எடுத்தவுடன் ரேஸ் செய்யாதீர்கள்.

மாற்றும்போது இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயிலை வடியுங்கள். டிரெயின் போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். திருகி மாட்டும் ஃபில்டரென்றால், கழற்றியதும் பழைய ரப்பர் கேஸ்கெட் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை மாட்டினால் பிரஷரில் பிதுங்கி ஆயில் முழுக்கச் சில நிமிடங்களில் கொட்டிவிடும். புது கேஸ்கெட்டில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஃபில்டர்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்தமுறை கழற்றுபவர் திட்டுவார்.

ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் சில நொடிகளில் லைட் அணைய வேண்டும். 10 நொடியாகியும் அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். கசிவு பார்த்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் காட்டும் குச்சி) பாருங்கள். ஃபில்டர் நிரம்பியதில் மட்டம் இறங்கியிருக்கும், குறைவதை ஊற்றுங்கள்.

ஆயிலில் கலந்த பெட்ரோல், தண்ணீர், அமிலம் எதையும் ஃபில்டர் பிடிக்காது. டீசல் கரியும் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியது. ஆகவே ஃபில்டரை மட்டும் மாற்றி ஆயிலை விட்டுவைப்பதும் தவறு. மண் தூசி பெரும்பாலும் காற்று வழியாகத்தான் வருகிறது. ஏர் ஃபில்டருக்குப் பின்னாலுள்ள ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஆயில் ஃபில்டரும் திணறும்.

சந்தேகமிருந்தால் பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இரும்பு. ஒட்டாத செம்பு நிறச் செதில் நிறைய இருந்தால் பேரிங்கைச் சோதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.