பென்டடானிக் பாக்ஸ் மனப்பாடம், ஆனாலும் வாசித்தால் பாட்டாக வரவில்லை. ஏன்?

கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர ஸ்கேல்) பாக்ஸ், அதாவது அதன் ஸ்வரங்கள் விரலுக்கெட்டும் இடங்களின் வடிவம், கைக்கு வந்துவிட்டது, வேகமாக ஏறி இறங்கவும் முடிகிறது, ஆனால் பேக்கிங் ட்ராக்கோடு (பின்னணி இசைப் பதிவோடு) வாசித்தால் ஸ்கேல் பயிற்சி மாதிரியே கேட்கிறது என்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், "இன்னும் நாலு பாக்ஸ் இருக்கிறது, அதையும் படியுங்கள்". தயவுசெய்து இப்போது அதைச் செய்யாதீர்கள். பாக்ஸ் போதாததால் வந்த சிக்கல் இல்லை இது. அந்தப் பன்னிரண்டு இடங்களில் எது என்ன ஸ்வரம் என்று யாரும் சொல்லித்தராததால் வந்தது.

ஏ மைனர் பென்டடானிக்கில் ஏ, சி, டி, ஈ, ஜி என்று ஐந்தே ஸ்வரம். ஏ நேச்சுரல் மைனர் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களில் பி, எஃப் இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இது. ஏன் அந்த இரண்டு? பி-க்கு அடுத்த ஃப்ரெட்டே சி, ஈ-க்கு அடுத்த ஃப்ரெட்டே எஃப். இப்படி ஒட்டி நிற்கும் ஜோடிகள்தான் பின்னால் ஒலிக்கும் கார்டோடு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டோடு) அதிகம் உரசும். அவை போனபின் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி 3, 2, 2, 3, 2 ஃப்ரெட். எங்கே விரல் விழுந்தாலும் பெரிய அபஸ்வரம் கேட்காது. ஆரம்பத்திலேயே இதைக் கொடுப்பதன் காரணமும் அதுதான். ஆனால் எதுவுமே தப்பாகக் கேட்காததால், எது நன்றாகக் கேட்கிறது என்று காது தேடுவதையே நிறுத்திவிடுகிறது.

பாக்ஸை ஒருமுறை பெயரோடு பார்த்துவிடுவோம். தடித்த ஆறாவது கம்பியில் 5, 8: ஏ, சி. ஐந்தாவதில் 5, 7: டி, ஈ. நான்காவதில் 5, 7: ஜி, ஏ. மூன்றாவதில் 5, 7: சி, டி. இரண்டாவதில் 5, 8: ஈ, ஜி. முதல் கம்பியில் 5, 8: ஏ, சி. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், ஏழுக்கு மோதிர விரல், எட்டுக்குச் சுண்டு விரல். எட்டையும் மோதிர விரலாலேயே எட்டிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள், வேகம் கூடும்போது அங்கேதான் தடுக்கும்.

இதில் ஏ மூன்று இடத்தில் இருக்கிறது: ஆறாவது கம்பி 5, நான்காவது கம்பி 7, முதல் கம்பி 5. இதுதான் ரூட், அதாவது ஸ்கேலின் ஆதார ஸ்வரம். ஏ மைனர் கார்டை மட்டும் இரண்டு நிமிடம் ஃபோனில் பதிவு செய்து ஓடவிட்டு, என்ன வாசித்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து நில்லுங்கள். பிறகு சி மேஜர் கார்டை மட்டும் பதிவு செய்து, அதே பாக்ஸில் சி-யில் வந்து நில்லுங்கள்: ஆறாவது கம்பி 8, மூன்றாவது கம்பி 5, முதல் கம்பி 8. விரல் ஒரு ஃப்ரெட்கூட நகரவில்லை, ஆனால் சோகமாக ஒலித்தது இப்போது மலர்ந்து ஒலிக்கும். நீங்கள் வாசித்தது சி மேஜர் பென்டடானிக்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மோகனத்தின் ஸ்வரங்கள் ச, ரி2, க3, ப, த2. சி-யை ஷட்ஜமாக வைத்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. அதே ஐந்தை வைத்துக்கொண்டு தைவதத்தை ஷட்ஜமாக்கினால் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள் வந்துவிடும், அதாவது ஏ மைனர் பென்டடானிக். கிரக பேதம் என்பது இதைத்தான். கமகமும் ராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாமல் வெறும் ஸ்கேல் எப்படி ராகமாகும் என்று சங்கீதம் படித்தவர்கள் கேட்பது நியாயமே. ராகத்தைப் பற்றி நான் பேசவில்லை, ஸ்வர அடுக்கை மட்டும் காட்டுகிறேன்.

அடுத்து, நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம். பாட்டு ஏ மேஜரில் இருக்கும், இவர்கள் "ஏ" என்றதும் ஐந்தாவது ஃப்ரெட் பாக்ஸைப் பிடிப்பார்கள். ஏ மேஜர் கார்டுக்குள் சி ஷார்ப் இருக்கிறது, உங்கள் பாக்ஸில் சி இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த ஃப்ரெட், அதனால் மோதும். அதே வடிவத்தை மூன்று ஃப்ரெட் கீழே, இரண்டாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் ஏ மேஜர் பென்டடானிக் கிடைக்கும். ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருக்கும் ஏ இப்போது சுண்டு விரலுக்குக் கீழே வரும். மைனர் என்றால் ரூட் ஆள்காட்டி விரலில், மேஜர் என்றால் சுண்டு விரலில். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்த ஸ்கேலுக்கும் நகர்த்தலாம். "ப்ளூஸில் ஏ7 கார்டு மேல் ஏ மைனர் பென்டடானிக்தானே வாசிக்கிறார்கள்" என்று யாராவது கேட்கலாம். ஆமாம், அந்த உரசலே அந்த இசையின் குணம். ஆனால் அவர்கள் சி-யை அப்படியே விடுவதில்லை, அரை ஃப்ரெட் அளவு வளைத்து சி ஷார்ப் பக்கம் தள்ளுவார்கள்.

இனி பாட்டாக வரவைக்கும் வேலை. ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற நான்கு கார்டை, கார்டுக்கு நான்கு பீட் வீதம், மெட்ரோனோமில் 70 வைத்துப் பதிவு செய்யுங்கள். முதலில் கார்டுக்கு ஒரே ஒரு ஸ்வரம், முதல் பீட்டில். ஏ மைனருக்கு இரண்டாவது கம்பி 5 (ஈ), எஃப்-க்கு மூன்றாவது கம்பி 5 (சி), சி-க்கு மறுபடி இரண்டாவது கம்பி 5, ஜி-க்கு மூன்றாவது கம்பி 7 (டி). நான்குமே அந்தந்தக் கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்கள், அதனால் கார்டு மாறுவது உங்கள் வாசிப்பிலேயே கேட்கும். ஜி கார்டு மேல் சி-யில் நின்று பாருங்கள்: தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் முடியாத வாக்கியம்போல் தொங்கும். எஃப் மேல் ஏ அல்லது சி-யில் நில்லுங்கள், எஃப் ஸ்வரமே இந்த ஸ்கேலில் கிடையாது.

இது பிடிபட்டபின், மூன்றாவது பீட்டிலிருந்து இரண்டு மூன்று ஸ்வரம் வாசித்து அடுத்த கார்டின் ஸ்வரத்தில் போய் இறங்குங்கள். இறங்கிய ஸ்வரத்தைத் தவிர முதல் இரண்டு பீட்டில் வேறெதுவும் வாசிக்க வேண்டாம். பயிற்சி மாதிரி கேட்பதற்குப் பெரிய காரணம், எல்லா ஸ்வரமும் ஒரே நீளத்தில், இடைவெளியே இல்லாமல் வருவது. அடுத்த காரணம், எப்போதும் ஆறாவது கம்பியிலிருந்து கிளம்புவது. ஒரு வாரத்துக்கு மெல்லிய மூன்று கம்பியை (1, 2, 3) மட்டும் தொடுங்கள்.

பெண்ட் (அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) இல்லாமல் இந்த ஸ்கேல் பேசாது. மூன்றாவது கம்பி 7-இல் இருக்கும் டி-யை ஈ வரை வளைக்க வேண்டும். முதலில் இரண்டாவது கம்பி 5-ஐ வாசித்து ஈ-யைக் காதில் வாங்குங்கள், பிறகு மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரலையும் அதே கம்பியில் வைத்து, மணிக்கட்டைத் திருப்பித் தள்ளுங்கள். தனி விரலால் தள்ளினால் பாதியிலேயே நின்றுவிடும், சுருதி குறைந்த பெண்ட்டைப் போலக் காதை உறுத்துவது வேறில்லை. அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக்கம்பி, அதை ஒரு முழு டோன் (இரண்டு ஃப்ரெட் அளவு) வளைப்பது ஆரம்பநிலைக்குக் கடினம். ஏழிலிருந்து ஒன்பதுக்கு விரலை எடுக்காமல் ஸ்லைடு செய்யுங்கள், அதே ஈ வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃப்ரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரத்தைச் சரிபார்க்காமலே புதியவர் கையில் கிட்டாரைக் கொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் புதியவரால் சுகமாக வாசிக்க முடியாது. அவரோ தன் விரலில்தான் குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார். எலக்ட்ரிக்கில் 2 மில்லிமீட்டருக்குள், அக்கூஸ்டிக்கில் 2.5 அளவில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது பாக்ஸ் எப்போது? நான்கு கார்டிலும் சரியான ஸ்வரத்தில் யோசிக்காமல் இறங்க முடியும்போது. அதையும் முழுதாக எடுக்க வேண்டாம், மேல் இரண்டு கம்பியில் 8, 10 போதும்: இரண்டாவதில் ஜி, ஏ, முதல் கம்பியில் சி, டி. மூன்றாவது கம்பி 7-இலிருந்து 9-க்குப் போகும் அந்த ஸ்லைடிலேயே கை அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.