தடைக்காலத்தில் இன்ட்ராடே செய்யலாமா, பங்கை வாங்கி வைத்திருக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மண்டபத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது, கையிலுள்ள 50,000 ரூபாயை இன்ட்ராடேயில், அதாவது பங்கை வாங்கி அன்றே விற்கும் வர்த்தகத்தில், போடலாமா அல்லது பங்கை வாங்கிப் பல மாதம் வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இராமநாதபுரத்தில் வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், இரண்டு வகையினரின் காகிதங்களும் என் மேசைக்கு வருகின்றன. இன்ட்ராடே வேண்டாம் என்பதே என் பதில்.

முதலில் செலவைப் பாருங்கள். யூடியூபில் வகுப்பெடுப்பவர்கள் இதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வாங்க 20, விற்க 20 ரூபாய் என்று தரகு வாங்குபவரிடம் 50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றே விற்றால், தரகு 40 ரூபாய், விற்பனை மீதான பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீத வீதம் 12.50 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 65 ரூபாய் போய்விடும். நாளைக்கு ஐந்து முறை, மாதத்தில் 20 நாள் என்றால் 6,500 ரூபாய். லாபமோ நட்டமோ வருமுன்பே போட்ட பணத்தில் 13 சதவீதம் கரைந்துவிடுகிறது. டெலிவரியில், அதாவது பங்கை வாங்கி வைத்திருக்கும் முறையில், பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் என்பதால் ஒரு சுற்றுக்குச் செலவு கூடுதல்தான், ஆனால் அந்தச் சுற்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது.

அடுத்தது நேரம். பிற்பகல் 3.20 வாக்கில் தரகரின் கணினியே நீங்கள் விற்காத இன்ட்ராடே பங்கை விற்று அன்றைய கணக்கை முடித்துவிடும். ஐஸ் தீர்ந்த மீனை ஏலத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது போன்ற விற்பனை அது. 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு நாளில், 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. அந்தப் பங்குகளையே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியைக் கையில் வைத்திருந்தவர் ஒன்றுமே செய்யாமல் ஜூன் 7 அன்று சரிவுக்கு முந்தைய நிலையைக் கண்டார். அன்று காலையில் ஐந்து மடங்கு மார்ஜினில், அதாவது தன் பணத்தைப் போல ஐந்து மடங்குக்குப் பங்கு, வாங்கியவருக்கோ 2 சதவீத இறக்கமே போட்ட பணத்தில் 10 சதவீதத்தைத் தின்றிருக்கும்.

இரவில் வரும் செய்தி இன்ட்ராடே செய்பவரைத் தொடாது என்பது உண்மை. வைத்திருப்பதாலேயே எல்லாப் பங்கும் மீண்டுவிடும் என்பதும் இல்லை: 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட யெஸ் பேங்க் பங்கை நம்பிக் காத்திருந்தவர்கள் அந்த விலையைத் திரும்பப் பார்க்கவில்லை. ஆயினும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டப்பட்டனர். ஆண்டில் 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம்.

வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. வரிக் கணக்கில் இன்ட்ராடே நட்டம் ஊக வணிக நட்டமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதை மீன் வருமானத்தில் கழிக்க முடியாது, ஊக வணிக லாபத்தில் மட்டுமே, அதுவும் நான்கு ஆண்டுகளுக்குள் கழிக்கலாம். டெலிவரி நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை மூலதன ஆதாயத்தில் (பங்கு போன்ற சொத்தை விற்று வரும் லாபத்தில்) கழிக்கலாம்.

இந்த 50,000 ரூபாய் இன்ஜின் வேலைக்கும், ஜூன் 15 அன்று போடும் டீசலுக்கும் வைத்திருக்கும் பணமாக இருந்தால், டெலிவரியிலும் போடாமல் வங்கியிலேயே விட்டுவையுங்கள். இறால் பிடிப்பில் கணக்குத் தீர்த்தபின் மிஞ்சுவதில் ஒரு பகுதியை நிஃப்டி குறியீட்டு நிதியில் சிறுகச் சிறுகப் போட்டு, ஐந்தாண்டாவது தொடாமல் இருக்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.