முதல் ரிமோட் காருக்கு எந்த பேட்டரி?

சுங்கை சிப்புட்டில் மகனுக்கு முதல் மின்சார ரிமோட் கார் வாங்கப்போகிறேன், நிக்கல் பேட்டரியா லிப்போவா (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்று கேட்டிருந்தீர்கள். அண்ணே, ஆரம்பத்துக்கு 7.2 வோல்ட் நிக்கலே போதும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தாராளமாக ஓடும், பையன் கையையும் தாங்கும்.

லிப்போ இன்னும் வேகம். பேட்டரிக்குள் இரண்டு செல் என்றால் 7.4 வோல்ட், முழுசாக ஏறினால் 8.4. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். காரில் லிப்போ கட்-ஆஃப், அதாவது வோல்ட் குறைந்ததும் தானாகவே ஓட்டத்தை நிறுத்தும் வசதி, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். 5000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்றால் சார்ஜரில் 5 ஆம்பியர் வையுங்கள், அதுவும் ஓடிய சூடு ஆறிய பிறகு.

என்னுடைய லிப்போ ஒன்று மத்தியான வெயிலில் காடிக்குள் கிடந்து தலையணை மாதிரி உப்பிவிட்டது, தொட்டால் மெத்தென்று அமுங்கியது. அப்படி உப்பியதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. ஆள் இல்லாத வீட்டில் எதையும் சார்ஜ் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.