அறிவு தேவசாயலின் அளவுகோல் அல்ல

அன்புள்ள ஐயா,

மனிதர் ஒவ்வொருவரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர் என்பதனாலேயே மதிப்புடையவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாயல் என்பது பகுத்தறிவுதான் என்று சபையில் கேட்டு வளர்ந்தவன் நான். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே பேச்சும் இல்லை, புரிதலும் மிகக் குறைவு. "இவனால் யாருக்கு என்ன பயன்?" என்று உறவினர்கள் அம்மாவின் காதுபடவே பேசுகிறார்கள். அப்படியானால் அவனிடம் அந்தச் சாயல் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் தம்பியிடம் தேவசாயல் குறைவின்றி இருக்கிறது.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சாயல் இன்னதென்று விளக்குவதில்லை. ஆணும் பெண்ணுமாக மனிதரைத் தேவன் அச்சாயலில் படைத்தார் என்று மட்டுமே சொல்கிறது. பண்டைய எகிப்தில் தெய்வத்தின் சாயல் என்பது அரசனுக்குரிய பட்டமாக இருந்ததை நினைத்தால், அதை மனிதர் எல்லாருக்கும் உரியதாக்கிய அவ்வசனத்தின் துணிவு விளங்கும். ஒன்பதாம் அதிகாரத்தில், பாவத்தில் விழுந்து பெருவெள்ளத்தையும் கண்ட மனிதகுலத்திடம், கொலை கூடாது என்பதற்குக் காரணமாக அதே சாயல்தான் சொல்லப்படுகிறது. கொல்லப்படுபவரின் அறிவு அங்கே விசாரிக்கப்படுவதே இல்லை. சாயலை அறிவோடு இணைத்த இறையியலாளர்களில் ஒருவரான தாமஸ் அக்வினாஸும், அறிவைப் பயன்படுத்த இயலாதவரிடமும் அது நீங்குவதில்லை என்றே எழுதினார்.

உங்கள் உறவினர்கள் கேட்கும் கேள்வியை ஓர் அரசே கேட்டதுண்டு. 1939 செப்டம்பர் 1 என்று தேதியிட்ட ஹிட்லரின் அனுமதிக் கடிதத்தின் பேரில், ஜெர்மனியின் காப்பகங்களில் இருந்த மனநோயாளிகளும் அறிவுத்திறன் குறைந்தவர்களும் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டு, 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். குடும்பங்களுக்கோ பொய்யான நோயின் பெயரைக் குறித்த இறப்பு அறிவிப்பு வந்தது. 1941 ஆகஸ்டு 3 அன்று மியூன்ஸ்டர் நகரின் கத்தோலிக்க ஆயர் ஃபோன் காலன் இதைக் கொலை என்றே பிரசங்கத்தில் அறிவித்தார். இவர்கள் ஓடாத இயந்திரமோ, நொண்டிக் குதிரையோ, பால் வற்றிய பசுவோ அல்லர், நம் சகோதர சகோதரிகள் என்றார். பயன் தருபவர் மட்டுமே வாழலாம் என்றால், முதுமையில் தளரும்போது நம் எல்லாருடைய கதியும், போரில் ஊனமுற்றுத் திரும்பும் வீரர்களின் கதியும் என்னவாகும் என்று கேட்டார். அப்பிரசங்கத்தின் நகல்கள் இரகசியமாகப் பரவின. அவற்றைப் பரப்பியவர்களில் லூபெக் நகரின் மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லுத்தரன் போதகரும் 1943 நவம்பர் 10 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1941 ஆகஸ்டு 24 அன்று வாயுக்கொலையை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டாலும், பட்டினியாலும் ஊசியாலும் கொல்வது 1945 வரை நீடித்தது. யூதர்கள் கொண்டுசெல்லப்பட்டபோது அதே ஆயர் இதே போல வெளிப்படையாகக் குரல் எழுப்பவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அவர் அறிக்கையிட்ட விசுவாசம் அவரிடம் அதையும் கேட்டிருந்தது.

உறவினர்களுக்குப் பதிலாக, உங்கள் தம்பி அன்பைக் கற்றுத்தருகிறார், குடும்பத்துக்கு ஆசீர்வாதமாக இருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதையே காரணமாகக் காட்டாதீர்கள், ஏனெனில் அதுவும் அவரைப் பயனால் அளப்பதே ஆகும். அவர் எதையும் தராத நாளிலும் தேவன் அவரைத் தம்முடையவராகவே காண்கிறார்.

ஒன்று கேட்கிறேன்: ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தல் அவருக்கு ஆயிற்றா, அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தில் அவர் பங்குபெறுகிறாரா? விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லத் தெரியாது என்ற காரணத்தால் அவர் விலக்கப்பட்டிருந்தால், உங்கள் குருவானவரைச் சந்தித்து, இக்கடிதத்தில் என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேளுங்கள்.