குளச்சல் வரும்வரை டவர் பதில் சொல்லவில்லையா?

மைக்கை மாற்ற வேண்டாம், உயரம்தான் காரணம். வாட்சிமில் (கணினியில் விமானம் ஓட்டுபவர்கள் இணையம் வழியே சேர்ந்து பறக்கும் வலையமைப்பு), கன்னியாகுமரியிலிருந்து ஹெலிகாப்டரில் 500 அடியில் கரையோரமாக வரும்போது திருவனந்தபுரம் டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) பதில் தருவதில்லை, குளச்சல் தாண்டியதும் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது.

வாட்சிமின் குரல் அமைப்பிலும் நிஜ விமானங்களின் வி.எச்.எஃப். ரேடியோ போலவே, உயரம் குறைந்தால் எட்டும் தூரமும் குறையும். எத்தனை அடி உயரமோ அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால், தோராயமாகக் கடல் மைலில் தூரம் கிடைக்கும்: 500 அடிக்கு 27, 2000 அடிக்கு 55. கன்னியாகுமரியிலிருந்து அந்த விமான நிலையம் சுமார் 44 கடல் மைல். குளச்சலிலிருந்து ஏறக்குறைய 27. கணக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

முட்டம் பக்கம் கடல்மேல் 2000 அடிக்கு ஏறி அழைத்துப் பாருங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால், பேசுவதற்கு காம் 1 (முதல் ரேடியோ) தேர்வாகியிருக்கிறதா, அந்த நேரம் டவரில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். ஓடுபாதை 32-இல் (வடமேற்கு நோக்கி) இறங்கும் விமானங்களும் தென்கிழக்கிலிருந்து, நீங்கள் வரும் அதே பக்கமாகத்தான் வரும். அனுமதி கிடைக்கும்வரை குளச்சல் பக்கமே சுற்றிக்கொண்டிருங்கள். ஹெலிகாப்டர்தானே, அந்த வழியில் அந்தரத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், பின்னால் இறங்குகிறவர் மறுபடி மேலேற வேண்டிவரும்.