வீடும் சங்கும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. இலங்கை நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த 2024 நவம்பர் 15 காலையில் எங்கள் டீக்கடையில் பெரிய சண்டை. யாழ்ப்பாணத்தில் ஆறு இடங்களில் மூன்றை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் சிங்களத் தலைமைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்துவிட்டது என்று போனில் செய்தி. "இவ்வளவு பேர் செத்தது இதுக்குத்தானா? யாழ்ப்பாணத்தானே விலை போயிட்டான்" என்று ஒருவர் கத்தினார். "இனி அவனுங்களுக்காக நாம ஏன் அழணும்?" என்றார் இன்னொருவர். ஈழப் போர் முடிந்த 2009இல் நான் கல்லூரி மாணவன். வகுப்பைப் புறக்கணித்துவிட்டு ஊர்வலம் போனவன். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு டீயைக் குடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இதைத் துரோகம் என்று சொல்லலாமா ஐயா? அங்கே இருப்பது விகிதாச்சார முறை, வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடம் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பாதி யாழ்ப்பாணம் அவர்களுக்குத்தானே ஓட்டுப் போட்டிருக்கிறது? பழைய தொகுதி முறையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராகவே உட்கார்ந்தார். முறையை மாற்றித்தான் தமிழர்களைக் கவிழ்த்துவிட்டார்களா?

அன்புடன்
ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

பாதி யாழ்ப்பாணம் போடவில்லை. நான்கில் ஒருவர் போட்டிருக்கிறார். தேசிய மக்கள் சக்திக்கு அங்கே விழுந்தவை 80,830 வாக்குகள், செல்லுபடியானவற்றில் 24.85 விழுக்காடு. கால்வாசி ஓட்டுக்குப் பாதி இடம் எப்படி வந்தது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெயிண்டர்.

முடிவு வந்த மறுநாள், சனிக்கிழமை. தருமபுரியில் எங்கள் வீட்டு மாடியறைக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்து இலங்கை அகதிகள் முகாம் ஒன்றில் இருப்பவர். 1990இல் பத்து வயதுப் பையனாகக் கிளிநொச்சியிலிருந்து படகேறி வந்தவர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியும் சேர்த்தி என்பதால் இது அவருடைய சொந்த ஊர்க் கணக்கு. நானும் உங்கள் டீக்கடைக்காரர்கள் மாதிரித்தான் கேட்டேன், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி. "என்னங்க, யாழ்ப்பாணம் இப்படிப் பண்ணிடுச்சு?" அவர் பதில் சொல்லவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, காய்ந்த பட்டியின் மேலேயே எழுத ஆரம்பித்தார்.

"ஐஞ்சு வீதம் எடுக்காத ஆக்களை முதல்ல வெட்டிப் போடுவாங்கள் ஐயா." யாழ்ப்பாணத்தில் 44 அணிகள் போட்டியிட்டன. 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள். ஆறு இடத்துக்கு 396 வேட்பாளர்கள். ஐந்து விழுக்காடு தாண்டாத அணிகளுக்கு விழுந்த ஓட்டு அத்தனையும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. அடுத்து, மாவட்டத்தில் முதலாவதாக வந்த அணிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது தேசிய மக்கள் சக்திக்கு. மிச்சம் ஐந்து ஆசனம். எஞ்சிய ஓட்டை ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48,000. அதைத் தாண்டியவை இரண்டே அணிகள்: 80,830 வாங்கிய தேசிய மக்கள் சக்தியும் 63,327 வாங்கிய தமிழரசுக் கட்சியும். ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் பாக்கி. அவை மீதியில் பெரியது யாரிடம் இருக்கிறது என்று பார்த்துப் போகின்றன. தேசிய மக்கள் சக்தியின் மீதி 32,000 சொச்சம், அவர்களுக்கு ஒன்று. தமிழ்க் காங்கிரசுக்கு 27,986, ஒன்று. மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு 27,855, ஒன்று. தமிழரசுக் கட்சியின் மீதி 15,000 அளவில் நின்றுவிட்டது.

ஆக மூன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.

இதை எழுதி முடித்துவிட்டுக் கீழே ஒரு கோடு போட்டு இன்னொரு கணக்கு எழுதினார். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு எழவில்லை. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் 63,327. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் பல ஆண்டுகள் அவர்களோடு ஒன்றாக இருந்து, 2023 தொடக்கத்தில் பிரிந்துபோனவர்களின் சங்குச் சின்னம் 22,513. இரண்டையும் கூட்டினால் 85,840. முதலிடம் இவர்களுக்கு. போனஸ் ஆசனம் இவர்களுக்கு. மேலே சொன்ன அதே வழியில் மறுபடி வகுத்துப் பாருங்கள். கணக்கு எழுதுபவர் நீங்கள், ஐந்து நிமிடம் போதும். வீடும் சங்கும் சேர்ந்த அணிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு என்று வரும். ஒரு வாக்காளர்கூட மனம் மாற வேண்டியதில்லை. அதே மக்கள், அதே ஓட்டு. தலைவர்கள் பிரியாமல் இருந்திருந்தால் அன்று உங்கள் டீக்கடையில் "யாழ்ப்பாணம் அசையல பாத்தியா" என்று பெருமை பேசியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட முடிவை வைத்துக்கொண்டு ஒரு ஜனத்தையே துரோகி என்று சொல்வது பெரிய பாவம். எனக்கு இதில் கோபம் உண்டு.

சரிவு அந்த நவம்பரில் தொடங்கியதும் இல்லை. 2015இல் கூட்டமைப்பு யாழ்ப்பாணத்தில் 69 விழுக்காடு வாங்கி ஏழில் ஐந்தை எடுத்தது. 2020இல் 31 விழுக்காட்டுச் சொச்சம், ஏழில் மூன்று. அப்போது தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதும் சேர்த்தே மூன்று இடம் வாங்கிய சின்னக் கட்சி. ஐந்தே ஆண்டில் பாதிக்கு மேல் ஓட்டுக் கரைந்தபோது அநுரவின் அலை எதுவும் அடிக்கவில்லை. மக்கள் அப்போதே தங்கள் தலைவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கவேண்டியவர்கள் காது கொடுக்கவில்லை. மட்டக்களப்பைப் பாருங்கள். 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் அது. அங்கே தமிழரசுக் கட்சிக்கு ஐந்தில் மூன்று.

அந்த நான்கில் ஒருவரையும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அவர் ஓட்டுப் போட்டது உண்மை. 34 ஆண்டுகள் ராணுவம் மூடி வைத்திருந்த பலாலிப் பக்கத்துச் சாலை ஒன்று தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 1 அன்று, மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தன் வீட்டுக்குப் போகும் சாலையில் 34 ஆண்டுக்குப் பிறகு கால் வைக்கும் ஒருவர் என்ன நினைத்து ஓட்டுப் போட்டிருப்பார் என்று காவேரிப்பட்டணத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேட்கத்தான் முடியும்.

உங்கள் அமிர்தலிங்கம் கேள்விக்கு வருகிறேன். 1977 முடிவை முழுதாகப் பாருங்கள். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 விழுக்காடு அளவில் ஓட்டு, 168இல் 140 இடம். சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு 30 விழுக்காட்டை ஒட்டி ஓட்டு, வெறும் எட்டு இடம். ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாக வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வடக்கு கிழக்கில் ஓட்டுக் குவிந்திருந்ததால் 18 இடம். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி அப்படி வந்தது. அதே முறைதான் எதிரே இருந்தவருக்கு ஆறில் ஐந்து பங்கு பலத்தையும் கொடுத்தது. அந்தப் பலத்தை வைத்து அடுத்த ஆண்டே தனியாக ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டார். 1983இல் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அந்த நாற்காலியை நினைத்து ஏங்க எனக்கு மனம் வரவில்லை.

1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாச்சார முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989இல் நடந்தது. இந்த முறையில் யாரும் மூன்றில் இரண்டு பங்கைத் தனியாகத் தாண்டமுடியாது என்று நெடுநாள் நம்பினார்கள். 2010இல் 144, 2020இல் 145 என்று மூன்றில் இரண்டு பங்கான 150ஐ நெருங்கி நின்றார்கள். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 விழுக்காட்டு ஓட்டுக்கு 225இல் 159. போனஸ் ஆசனமும் சின்னச் சின்ன மாவட்டங்களும் முதலில் வந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும். "வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடம்" என்று நீங்கள் படித்தது சரி, ஆனால் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்பதையும் பார்க்கவேண்டும். ஆறு இடத்தில் விகிதாச்சாரம் ஓரளவுக்குத்தான் தெரியும். அது முழுதாகத் தெரிய இருபது முப்பது இடமாவது சேர்ந்திருக்கவேண்டும்.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 உங்களுக்கும் நினைவிருக்கும். தருமபுரியில் முதல் சுற்றுகளில் பா.ம.க.வின் சௌமியா அன்புமணி முன்னிலை. எங்கள் தெருவில் வெடிக்கட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். மதியத்துக்கு மேல் மாறி, தி.மு.க.வின் மணி ஏறத்தாழ 21,300 ஓட்டில் வென்றார். வென்றவருக்கு விழுந்தது நூற்றுக்கு 35 அளவு. பா.ம.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் விழுந்த ஏழு லட்சம் ஓட்டுக்கு நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை. "தருமபுரி ஜனங்க இப்படித்தான்" என்று அன்று டெல்லியில் ஒருவர் சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? நூற்றுக்கு 65 பேர் வேறு சின்னத்தில் குத்தியிருக்கிறார்கள் ஐயா என்று சொல்லமாட்டோமா? யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 75 பேர்.

2014இல் நம் மாநிலத்தில் 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓரிடம்கூட இல்லை. ஆகவே நமக்கும் விகிதாச்சார முறை வேண்டும் என்ற பக்கம்தான் நான் இருக்கிறேன். அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கோரிக்கை எழுந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. பரவலான எழுத்தறிவு வேண்டும், கட்சிகள் சிதறும், நிலையான அரசு அமையாது என்றார். முதல் காரணம் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இரண்டாவது இன்னும் உயிரோடு இருக்கிறது. 44 அணிகளைப் பார்த்தீர்கள் அல்லவா.

பெயிண்டரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். ஊரில் இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள்? வெகுநேரம் யோசித்தார். "நான் போட்டதே இல்லையே ஐயா. நாப்பத்தி நாலு வயசாகுது. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. விரலில மை எப்பிடி இருக்குமெண்டு தெரியாது." நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இலங்கையில் ஓட்டு கிடையாது. இங்கே அவர் குடிமகன் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்த அவர் மகளுக்கும் பதினெட்டு ஆகிவிட்டது. அவளுக்கும் இல்லை.

ம., அவர் வீடு உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாக்கிக் கூலியைக் கொடுக்க முகாமுக்குப் போகிறேன். வந்தால் கூட்டிப்போகிறேன். டீக்கடையில் அன்று கத்தினாரே, அவரையும் அழைத்து வாருங்கள்.